இரட்டை அடைப்புக்குறி வந்த வழி

வங்கிக் காசோலை ஒன்றின் சாம்பல்நிறப் படத்தை ஜாவாவில் திறந்து, அதன் புள்ளிகளை எண்களாக அச்சிட்டுப் பாருங்கள். வெள்ளைத் தாள் இருக்கிற இடமெல்லாம் −1, −1 என்று ஓடும். மசி அழுத்தமாக விழுந்த இடத்தில் 20, 35 என்று சின்ன எண்கள். கையெழுத்தின் ஓரம் மங்கிக்கொண்டே போகிற இடத்தில் 110, 125 என்று ஏறி, அடுத்த புள்ளியில் திடீரென்று −120. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் இதைப் பார்த்ததும் என் மேசைக்கு வந்து, “மேடம், ஃபைல் கெட்டுப்போச்சு போல” என்பார்கள். ஃபைல் நன்றாகத்தான் இருக்கும். 0 முதல் 255 வரை போகவேண்டிய வெளிச்ச அளவை, −128 முதல் 127 வரை மட்டுமே எண்ணத் தெரிந்த பைட்டில் வைத்திருக்கிறோம். 255 அங்கே −1 ஆகிறது. 136 அங்கே −120 ஆகிறது.

காசோலைப் படங்களைக் கையாளும் மென்பொருள்தான் என் பிழைப்பு. காசோலைத் தாளை ஊர் ஊராக அனுப்பாமல் அதன் படத்தை மட்டும் அனுப்பித் தீர்வு செய்யும் முறையை ரிசர்வ் வங்கி 2008-ல் டெல்லியிலும் 2011-ல் சென்னையிலும் தொடங்கியது. ஒரு காசோலைக்கு 100 டிபிஐ சாம்பல்நிறப் படம், 200 டிபிஐ கறுப்பு வெள்ளைப் படம். சாம்பல்நிறப் படத்தைப் பிரித்துப் பார்த்தால் சுமார் 800 நிரல், 360 நிரை. கட்டத்துக்கு ஒரு பைட். இப்படி ஒன்றை ஜாவாவில் எழுதச் சொன்னால் யார் கையும் தானாகவே ‘பைட்’ என்று எழுதிப் பக்கத்தில் இரண்டு ஜோடி சதுர அடைப்புக்குறி போட்டுவிடும். நிரைக்கு ஒரு ஜோடி, நிரலுக்கு ஒரு ஜோடி. பார்வைக்குப் பத்தாம் வகுப்பில் படித்த அணியேதான்.

ஆனால் ஜாவாவில் இரு பரிமாண அர்ரே என்று ஒன்று கிடையாது. இருப்பது அர்ரேக்களின் அர்ரே. வெளியே ஓர் அர்ரே. அதன் ஒவ்வோர் அறையிலும் ஒரு நிரை இருக்கும் இடத்தின் முகவரி. நிரை ஒவ்வொன்றும் தனித்த ஆப்ஜெக்ட். அடைப்புக்குறி இரண்டும் ஒட்டி நின்றாலும் நிரைகள் நினைவகத்தில் ஒட்டி நிற்கவேண்டிய கட்டாயம் இல்லை. இந்த ஏற்பாட்டுக்கு ஜாவாவைவிட வயது அதிகம்.

நான் பொறியியல் கல்லூரியில் படித்த முதல் கணினி மொழி ஃபோர்ட்ரான். அப்போது அதைக் கிழடு என்று கேலி செய்தோம். ஆனால் கட்டங்களை அது நடத்திய விதம் வேறு எதிலும் இல்லை. ஐபிஎம் நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் குழு 1957-ல் 704 என்ற இயந்திரத்துக்காக வெளியிட்ட முதல் ஃபோர்ட்ரானில் அர்ரேக்கு மூன்று பரிமாணம் வரைதான் அனுமதி. அந்த இயந்திரத்தில் இருந்த இண்டெக்ஸ் ரெஜிஸ்டர்களும் மூன்றே. அவை முகவரியோடு கூட்டாமல் அதிலிருந்து கழித்ததால் அர்ரேக்கள் நினைவகத்தில் பின்னோக்கிப் படுத்திருந்தன. ஒரு கட்டம் முழுவதும் ஒரே துண்டு. முதல் நிரல் முடிந்ததும் இரண்டாம் நிரல், அது முடிந்ததும் மூன்றாவது. எந்த உறுப்பு வேண்டுமென்றாலும் ஒரு பெருக்கல், ஒரு கூட்டலில் அதன் இடம் தெரிந்துவிடும். கணக்கு நிலையானது என்பதால் கம்பைலரும் முன்கூட்டியே யோசித்து வேகமான கட்டளைகளைத் தர முடிந்தது.

அந்த ஒரு பெருக்கலே அன்றைய இயந்திரங்களுக்குப் பாரம். அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்து ரைஸ் நிறுவனத்தில் சொந்தமாக ஒரு கணினி கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே வேலை பார்த்த ஜான் இலிஃப் என்ற ஆங்கிலேயர் வேறு வழியில் போனார். நிரைகளைத் தனித்தனியாக எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே வைப்பது. அவற்றின் முகவரிகளை மட்டும் ஒரு பட்டியலாகக் கட்டி வைப்பது. ஃபோர்ட்ரானின் கட்டம் ஒரே வரிசையில் சுவரோடு சுவர் ஒட்டிய தெருவீடுகள் என்றால், இலிஃபின் கட்டம் ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்கும் வீடுகளும் அவற்றுக்கான முகவரிப் பட்டியலும். பெருக்கல் போயிற்று, பதிலுக்கு ஒரு முகவரியைப் படித்து அங்கே தாவினால் போதும். நிரையின் நீளத்தையும் முகவரியோடு எழுதி வைத்ததால் எல்லை தாண்டினால் பிடித்துவிடலாம். நினைவகம் மிகக் குறைவாக இருந்த காலத்தில் பெரிய ஒரே துண்டு தேடி அலையவும் வேண்டாம். 1962-ல் இலிஃபும் ஜேன் ஜோடைட்டும் இதை விவரித்து ஒரு கட்டுரை எழுதினார்கள். அந்த முகவரிப் பட்டியலுக்கு இன்றும் இலிஃப் வெக்டர் என்றுதான் பெயர். நம் ஜாவாவின் இரட்டை அடைப்புக்குறிக்குள் இருப்பது அதுவேதான்.

இடையில் வந்த சி மொழி இரண்டு கட்சியிலும் கால் வைத்தது. பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிச்சி 1970களின் தொடக்கத்தில் உருவாக்கிய அந்த மொழியில் கட்டம் என்று அறிவித்தால் ஒரே துண்டு, நிரை நிரையாக. வேண்டுமென்றால் பாயிண்ட்டர்களின் அர்ரே வைத்து இலிஃப் பாணியிலும் கட்டிக்கொள்ளலாம். எழுதும்போது இரண்டுக்கும் ஒரே அடைப்புக்குறிதான். ஆனால் எல்லையைக் காவல் காக்க ஆள் இல்லை. 1988 நவம்பரில் மோரிஸ் புழு இணையத்தை முடக்கியபோது அது நுழைந்த வாசல்களில் ஒன்று 512 பைட் கொண்ட ஓர் அர்ரே. அதற்குள் 536 பைட்டைத் திணித்தது. மீதி 24 பைட் பக்கத்து நினைவகத்தில் போய் உட்கார்ந்தது. யாரும் தடுக்கவில்லை, ஏனென்றால் தடுக்கச் சொல்லி மொழியில் எழுதியிருக்கவில்லை.

இதற்கு மூன்றாண்டு கழித்து, 1991-ல், சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் பேட்ரிக் நாட்டன், மைக் ஷெரிடன், ஜேம்ஸ் கோஸ்லிங் ஆகியோரைக் கொண்ட சிறு குழு ‘கிரீன்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. அவர்கள் மனதில் இருந்தது இணையம் அல்ல, வீட்டுச் சாதனங்கள். டிவிப் பெட்டியும் ரிமோட்டும் நடுவில் நின்றுவிடக் கூடாது. சி பிளஸ் பிளஸ் அதற்குச் சரிவரவில்லை என்று கோஸ்லிங் ‘ஓக்’ என்ற மொழியை எழுதினார். 1995 மே மாதம் ஜாவா என்ற பெயரில் உலகத்துக்குக் காட்டினார்கள். வேகமான கணிதம் அவர்கள் பட்டியலில் முதலிடத்தில் இல்லை. ஒரு சின்னப் புரோகிராம் வலையில் வந்து இறங்கினால் அது இயந்திரத்தைக் குலைக்கக் கூடாது என்பதே முதல் கவலை.

அந்தக் கவலையிலிருந்து பார்த்தால் அர்ரேக்களின் அர்ரே என்பது இயல்பான முடிவு. ஒற்றைப் பரிமாண அர்ரே ஓர் ஆப்ஜெக்ட். தன் நீளம் அதற்குத் தெரியும். தொடும் ஒவ்வொரு முறையும் எல்லை சரிபார்க்கப்படும். யாரும் பயன்படுத்தாவிட்டால் குப்பை சேகரிப்பான் எடுத்துப்போகும். இந்த ஒன்றைச் சரியாகக் கட்டிவிட்டால் இரண்டாவது பரிமாணத்துக்கென்று புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டாம். ஜாவா இயந்திரத்தின் கட்டளைகளில் பலபரிமாணத்துக்கென்று இருப்பது ஒன்றே ஒன்று: மல்டி-ஏ-நியூ-அர்ரே. அதுவும் பிறப்பிக்கும் நேரத்தில் நிரைகளை மொத்தமாகச் செய்து கொடுப்பதோடு சரி. எத்தனை பரிமாணம் என்பதை அந்தக் கட்டளையில் ஒரு பைட்டில் எழுதவேண்டும்; ஆகவே உச்சவரம்பு 255. பிறந்த பிறகு எந்த உறுப்பைத் தொடவும் ஒற்றைப் பரிமாணக் கட்டளைகள்தான், ஒன்றன்பின் ஒன்றாக.

சி மொழிக்காரர்களை இழுக்கவேண்டும் என்பதற்காக எழுத்துமுறையில் சில சலுகைகள் கொடுத்தார்கள். அடைப்புக்குறியைப் பெயருக்கு முன்னாலும் போடலாம், பின்னாலும் போடலாம், முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்றும் போடலாம். ‘பைட்[ ] அ, ஆ[ ];’ என்று எழுதினால் அ ஒரு பரிமாணம், ஆ இரண்டு பரிமாணம். நேர்முகத் தேர்வில் இதைக் கேட்டு இளைஞர்களை வியர்க்கவைக்கிறவர்கள் உண்டு, நான் கேட்பதில்லை. ஒரு மெத்தடின் திரும்பு வகையில் ஒரு ஜோடி அடைப்புக்குறியைப் பாராமீட்டர் பட்டியலுக்குப் பின்னால்கூட எழுதலாம் என்று மொழியின் விதிநூல் அனுமதித்துவிட்டு, பழைய பதிப்புகளுக்காகத்தான் இது, புதிதாக எழுதுகிறவர்கள் செய்ய வேண்டாம் என்றும் அங்கேயே சொல்லிவைத்திருக்கிறது.

பைட்டுக்குப் பிளஸ் மைனஸ் குறி கொடுத்ததும் அதே சிக்கன புத்தியில்தான். சி மொழியில் குறியுள்ள எண்ணும் குறியில்லாத எண்ணும் கலந்தால் என்ன விடை வரும் என்பதைப் பெரும்பாலான புரோகிராமர்களால் சரியாகச் சொல்ல முடியாது என்பது கோஸ்லிங்கின் கட்சி. பின்னாளில் பேட்டியிலும் அதைச் சொல்லியிருக்கிறார். எனவே எழுத்துக்கான சார் வகையைத் தவிர மற்ற முழுஎண் வகைகள் எல்லாவற்றுக்கும் குறி. புரியாத விதிகளை எடுத்துப்போட்டது நல்லதுதான். பாரம் மட்டும் பைட்டோடு மல்லுக்கட்டுகிறவர்கள் தலையில் விழுந்தது. ஒவ்வொரு புள்ளியையும் படித்ததும் 255 என்ற எண்ணோடு ‘அண்ட்’ செய்து பழைய மதிப்பை மீட்கவேண்டும். 2014-ல் வந்த ஜாவா 8-ல் இதற்கென்று ஒரு மெத்தட் கொடுத்தார்கள். அதற்குள் ‘அண்ட் 255’ எங்கள் தலைமுறையின் விரல்களில் ஏறிவிட்டது.

காசோலை வேலையில் இது படத்தில் மட்டும் வருவதில்லை. படத்தைப் பூட்டி அனுப்பும் ஏஇஎஸ் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். பெல்ஜியத்தின் யோவான் டாமன், வின்சென்ட் ரைமன் இருவரும் அமைத்தது. அமெரிக்கத் தர நிறுவனம் 2001 நவம்பரில் தரமாக அறிவித்தது. அதன் நடுமையம் 4 நிரை, 4 நிரல் கொண்ட ஒரு பைட் கட்டம். உள்ளே வரும் 16 பைட்டுகளை நிரை நிரையாக அல்ல, ஃபோர்ட்ரான் போல நிரல் நிரலாக நிரப்பவேண்டும்: முதல் நான்கு பைட் முதல் நிரலில் மேலிருந்து கீழே. அடுத்து, ஒவ்வொரு பைட்டையும் 256 அறை கொண்ட அட்டவணையில் தேடி மாற்றவேண்டும். ஜாவாவில் 200 என்ற பைட் −56 ஆக நிற்கும். அதை அப்படியே அட்டவணைக்கு அனுப்பினால் எல்லை மீறல் என்று நின்றுவிடும். இரண்டு பழைய முடிவுகளையும் நான்கு வரிக்குள் ஒரு மாணவனுக்குக் காட்டவேண்டும் என்றால் நான் எடுக்கும் பாடம் இதுதான்.

நிரைகள் தனித்தனி என்பதற்கு நினைவகத்தில் என்ன விலை? இன்று பரவலாக ஓடும் 64 பிட் ஹாட்ஸ்பாட் ஜாவாவின் வழக்கமான அமைப்பில், ஓர் அர்ரே தன்னைப் பற்றிய குறிப்புக்கென்று 16 பைட் எடுத்துக்கொள்ளும். மொத்தம் 8-ன் மடங்காக நிமிர்த்தப்படும். ஒரு முகவரிக்கு 4 பைட். 4,000 பைட் தரவு இருக்கிறது என்று வையுங்கள். 1,000 நிரை, நிரைக்கு 4 பைட் என்று கட்டினால் ஒவ்வொரு நிரையும் 20, நிமிர்த்தினால் 24. ஆயிரம் நிரைக்கு 24,000. வெளி அர்ரேக்கு 4,016. ஆக 28,016 பைட். அதையே 4 நிரை, நிரைக்கு 1,000 பைட் என்று திருப்பிப்போட்டால் நிரைக்கு 1,016, நான்குக்கும் 4,064, வெளியே 32, மொத்தம் 4,096. தரவு ஒன்றே, அடைப்புக்குறி ஒன்றே; எண்களின் இடத்தை மாற்றியதற்கு ஏறக்குறைய ஏழு மடங்கு வித்தியாசம். இரண்டையும் விட்டு ஒரே ஒற்றைப் பரிமாண அர்ரேயாகப் போட்டால் 4,016-ல் வேலை முடியும்.

நகலெடுப்பதிலும் இதே குணம். வெளி அர்ரேயை ‘குளோன்’ செய்தால் முகவரிப் பட்டியல்தான் நகலாகும், நிரைகள் பழையவையே. நகலில் ஒரு காசோலையைக் கறுப்பு வெள்ளை ஆக்கினால் அசலும் ஆகிவிடும். அச்சிட்டால் இரண்டு சதுர அடைப்பு, ஒரு ‘பி’, ஒரு ‘அட்’ குறி, ஏதோ ஓர் எண். உள்ளே இறங்கி ஒவ்வொரு நிரையாக அச்சிடவும் ஒப்பிடவும் ‘டீப்’ என்று தொடங்கும் மெத்தடுகள் 2004-ல் ஜாவா 5 வந்தபோதுதான் கிடைத்தன.

விஞ்ஞானக் கணக்கு போடுகிறவர்கள் இதைச் சும்மா விடவில்லை. 1998-ல் ஜாவா கிராண்டே என்ற அமைப்பு கூடி, பெரிய கணக்குகளுக்கு ஜாவா தகுதிபெற என்னென்ன வேண்டும் என்று பட்டியல் போட்டது. உண்மையான பலபரிமாண அர்ரே அதில் ஒன்று. ஐபிஎம்-இன் வாட்சன் ஆய்வகத்தில் ஹோசே மொரெய்ரா, சாமுவேல் மிட்கிஃப், மனீஷ் குப்தா ஆகியோர் ‘நிஞ்ஜா’ என்ற திட்டத்தில் சிக்கலின் வேரைத் தோண்டினார்கள். ஜாவாவின் கட்டத்தில் ஒரு நிரை நீளமாக, இன்னொன்று குட்டையாக இருக்கலாம். ஒன்று வெறும் ‘நல்’ ஆக இருக்கலாம். இரண்டு அறைகள் ஒரே நிரையைச் சுட்டலாம். கணக்கு நடந்துகொண்டிருக்கும்போதே யாராவது ஒரு நிரையைப் பிடுங்கி வேறொன்றை வைக்கலாம். எதையும் நம்ப முடியாததால் கம்பைலர் ஒவ்வோர் அடியிலும் சரிபார்த்துக்கொண்டே போகவேண்டும். வடிவம் மாறாத அர்ரே வகுப்புகளை எழுதி, எல்லை மீற வாய்ப்பே இல்லாத பகுதியைக் கம்பைலர் தனியே பிரித்துக்கொள்ளும்படி செய்தபோது ஜாவா ஃபோர்ட்ரானை நெருங்கி ஓடியதைக் காட்டினார்கள். அதை ஜாவாவின் அதிகாரபூர்வ நூலகமாக்க ஜேஎஸ்ஆர் 83 என்ற எண்ணில் முன்மொழிவும் போனது. அது ஜாவாவுக்குள் வரவே இல்லை.

அதே காலத்தில் மைக்ரோசாஃப்டில் ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க் வடிவமைத்த சி ஷார்ப் மொழி 2002-ல் வெளியானபோது இரண்டு வகையும் இருந்தன: அடைப்புக்குள் காற்புள்ளி போட்டால் ஒரே துண்டுக் கட்டம், இரட்டை அடைப்புப் போட்டால் நிரைகள் தனித்தனி. அங்கே பைட்டுக்குக் குறியும் இல்லை. ஜாவா ஆட்களான எங்களுக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. வேடிக்கை என்னவென்றால், அங்கேயும் ஒற்றைப் பரிமாண அர்ரேக்குத்தான் தனிக் கட்டளைகள் கொடுத்திருந்தார்கள். அதனால் பல வேலைகளில் காற்புள்ளிக் கட்டத்தைவிட அர்ரேக்களின் அர்ரேயே வேகமாக ஓடியது.

மொழி தராததைத் தொழில் தன் வழக்கமாக்கிக்கொண்டது. ஒரே நீள அர்ரே. நிரை எண்ணை அகலத்தால் பெருக்கி நிரல் எண்ணைக் கூட்டு. இலிஃப் தப்பித்து ஓடிய அதே பெருக்கல்! இப்போதைய சில்லுகளுக்குப் பெருக்கல் ஒரு பொருட்டே அல்ல. தொலைவில் கிடக்கும் நினைவகத்துக்குத் தாவுவதுதான் தாமதம். 1960களின் கணக்கு தலைகீழாகிவிட்டது. சன் நிறுவனமே அதைத்தான் செய்தது. 1998 இறுதியில் வந்த ஜாவா 1.2-இன் படநூலகத்தில் பைட் தரவை வைத்திருக்கும் வகுப்பைத் திறந்து பாருங்கள்: உள்ளே இரட்டை அடைப்புக்குறி இருக்கிறது. ஆனால் அது நிரைக்கும் நிரலுக்கும் அல்ல. வெளி அடைப்பு, ‘பேங்க்’ எனப்படும் தனித்தனித் தரவுத் தொகுப்புகளுக்கு: சிவப்பு ஒன்றில், பச்சை இன்னொன்றில் என்று பிரித்து வைக்க. ஒவ்வொரு ‘பேங்க்’கும் உள்ளே தட்டையான ஒற்றை அர்ரே. எது தனித்து வாழுமோ அதற்கு மட்டும் ஒரு பரிமாணம் கொடுத்திருக்கிறார்கள்.

க்யூஆர் குறிகளுக்கு உலகம் முழுக்கப் பயன்படும் இசட்-எக்ஸிங் நூலகத்தில் இரண்டு வழியும் பக்கத்து பக்கத்தில் இருக்கின்றன. குறியை வரையும் பகுதியில் பைட் கட்டம், இரட்டை அடைப்போடு. முதலில் முழுஎண்ணாக இருந்தது, −1, 0, 1 மூன்றே மதிப்பு என்பதால் பைட்டாகக் குறைத்தோம் என்று குறிப்பும் எழுதியிருக்கிறார்கள். −1 என்றால் இன்னும் நிரப்பாத கட்டம். குறியுள்ள பைட் உருப்படியாகப் பயன்பட்ட இடம். மிகப் பெரிய க்யூஆர் குறி 177-க்கு 177, அதாவது 31,329 கட்டம். வீணாகும் பைட்டுகள் அங்கே பெரிய விஷயமில்லை. குறியைப் படிக்கும் பகுதிக்கு வேகம் முக்கியம். அங்கே தட்டையான ஒற்றை அர்ரே, முழுஎண்ணுக்கு 32 கட்டம் என்று நெருக்கி அடைத்தது. இன்னும் ஒரு படி கீழே, சிம் கார்டிலும் வங்கி அட்டையிலும் ஓடும் ஜாவா கார்டுக்குப் போனால் பலபரிமாண அர்ரேக்கு அனுமதியே கிடையாது. ஒரு பரிமாணம், அவ்வளவுதான். அங்கே எழுதிப் பழகியவர்கள் பெருக்கல் கூட்டலைத் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள்.

2024 மார்ச்சில் வந்த ஜாவா 22-ல் ‘பனாமா’ திட்டத்தின் நினைவக நூலகம் முழுமை பெற்றது. அதில் நிரைக்குள் நிரை என்று அமைப்பை எழுதிக் கொடுத்தால் எல்லாம் ஒரே துண்டாகக் கிடக்கும். பெருக்கல் கணக்கை நூலகமே பார்த்துக்கொள்ளும். எல்லைக் காவலும் உண்டு. ஆனால் அது அர்ரே அல்ல, அடைப்புக்குறியும் கிடைக்காது. இருபத்தைந்து ஆண்டுக்கு முன்னால் கேட்டது வேறு உருவில் வந்து சேர்ந்திருக்கிறது.

இதையெல்லாம் சொன்னதும் பிள்ளைகள், “அப்படியானால் இரட்டை அடைப்பையே விட்டுவிடலாமா மேடம்?” என்பார்கள். வேண்டாம். கிளையிலிருந்து வந்திறங்கும் தரவுத் துண்டுகள் ஒன்று 90 பைட், ஒன்று 1,400 பைட் என்று நீளம் நீளமாக வருகின்றன. வந்த வரிசையில் வைக்கவேண்டும், நடுவில் ஒன்று பழுதென்றால் அதை மட்டும் மாற்றவேண்டும், ஒன்றை மட்டும் எடுத்து இன்னொரு மெத்தடிடம் கொடுக்கவேண்டும். அதற்கு அர்ரேக்களின் அர்ரேயைவிடப் பொருத்தமானது இல்லை. கோஸ்லிங்கின் குழு கொடுத்தது இப்படிப்பட்ட வேலைக்குச் சரியாகப் பொருந்துகிற கருவி. காசோலைப் படத்தின் நிரையோ பக்கத்து நிரை இல்லாமல் எதற்கும் உதவாது. தனியாக அதை யாரும் கேட்கப்போவதில்லை. ஆகவே நான் கேட்கச் சொல்வது ஒரே கேள்வி: இந்த நிரைக்குத் தனி வாழ்வு உண்டா? உண்டென்றால் இரண்டு ஜோடி அடைப்புப் போடுங்கள். இல்லையென்றால் ஒரு ஜோடி போதும். பெருக்கிக் கூட்டிக்கொள்ளுங்கள், ‘அண்ட் 255’-ஐ மட்டும் மறக்காதீர்கள்.